பதினோரு விமானங்களும் முப்பது மூட்டை நெல்லும்

வெள்ளானூரைத் தாண்டி, வெளிவட்டச் சாலையை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகையில் முப்பத்து நான்கு வருஷமாகக் குடியிருக்கும் அப்துல் ரசாக்கிடம் ஓர் அடையாள அட்டை உண்டு. ‘விமான ஓடுதளப் பாதுகாவலர்’ என்று அதில் அச்சடித்திருக்கும். படத்தில் இருப்பவருக்கு இருபத்தைந்து வயது, மீசை அடர்த்தி. பூந்தமல்லியில் சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்குப் போனால், ‘மாப்ளைக்கு ஏர்போர்ட்ல உத்தியோகம்’ என்றுதான் அவரை அறிமுகப்படுத்துவார்கள். கேட்கிறவர்கள் மீனம்பாக்கம் என்று நினைத்துக்கொண்டு, துபாய் டிக்கெட் மலிவாகக் கிடைக்குமா என்று விசாரிப்பார்கள். ரசாக் ஆமென்றும் சொல்லமாட்டார், இல்லையென்றும் சொல்லமாட்டார். பிரியாணியில் கவனமாக இருப்பார்.

அவர் காத்த ஓடுதளத்தின் கதை இப்படி. அம்பத்தூரில் இரண்டு தொழிற்சாலை வைத்திருந்த ஒரு முதலாளிக்கு வெள்ளானூரில் இருபது ஏக்கர் வயல் இருந்தது. மனசு மட்டும் ஆகாயத்தில் இருந்தது. எண்பத்தெட்டில் இரண்டு பேர் உட்காரக்கூடிய சின்ன விமானம் ஒன்றை வாங்கினார். பயிருக்கு மருந்து தெளிக்க விமானம், விமானம் இறங்க ஓடுதளம் என்று மனுவில் எழுதினார். விவசாய முன்னேற்றம் என்றால் யார் மறுப்பார்கள்? நல்ல வண்டல் மண்ணாகப் பார்த்து எட்டு ஏக்கரை மட்டம் செய்து, ஜல்லி கொட்டி, தார் போட்டு, நடுவில் வெள்ளைக் கோடு இழுத்தார். அந்தச் செலவுக்காக மீதிப் பன்னிரண்டு ஏக்கரை ஊர்க்காரர்களுக்கு விற்றார். எல்லாம் முடிந்தபோது மருந்து தெளிக்க விமானம் தயாராக இருந்தது. தெளிப்பதற்குத்தான் அவரிடம் ஒரு சென்ட் வயல்கூட இல்லை.

தொண்ணூறில் ரசாக் வேலைக்குச் சேர்ந்தார். அவருக்கு ஒரு விசில், ஒரு தடி, ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். கொட்டகைப் பக்கம் ஒரு கம்பத்தில் காற்றின் திசை காட்டும் ஆரஞ்சுத் துணிப்பை தொங்கியது. தினமும் காலையில் அதை ஏற்றி, சாயங்காலம் இறக்க வேண்டும். தளத்தில் மாடு வந்தால் விரட்ட வேண்டும். விமானம் வந்தால் தேதி, நேரம், காற்றின் திசை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தொண்ணூறிலிருந்து தொண்ணூற்றேழுவரை பதினோரு விமானம் வந்தது. பதினோரு முறையும் வந்தது அதே விமானம்தான். ஒரு முறை தளத்தின் நடுவில் எருமை படுத்திருந்ததால் தலைக்குமேல் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போயிற்று. அதை ரசாக் நோட்டில் எழுதவில்லை. இறங்காத விமானத்துக்குக் கையெழுத்துப் போடுவது பொய் அல்லவா?

முதலாளி காலமான பிறகு விமானத்தை யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். தளத்தை வாங்க ஆள் வரவில்லை. ரசாக்கின் சம்பளம் மட்டும் மாதாமாதம் வந்தது. நிறுத்தச் சொல்லி யாரும் அம்பத்தூர் ஆபீஸுக்குச் சொல்லவில்லை. ரசாக்கும் சொல்லவில்லை. ஆனால் ஒன்று, ஒரு நாள்கூட அவர் அந்தத் துணிப்பையை ஏற்றாமல் இருந்ததில்லை. வராத விமானத்துக்கு இத்தனை ஒழுங்காக வேலை பார்த்த மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை. வருகிற பஸ்ஸுக்கே நம் ஊரில் இந்த மரியாதை கிடையாது.

தொண்ணூற்றெட்டு தை மாதத்தில் நாகம்மா வந்தாள். முதலாளி விற்ற வயலில் ஓர் ஏக்கரை வாங்கிய குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. தலையில் நெல் மூட்டை, பின்னால் மாமியார், நாத்தனார், ஒரு மாட்டு வண்டி.

“பாய், கேட்டத் தொற. நெல்லு காயப் போடணும்.”

“இது ஏர்போர்ட்டும்மா. ப்ளேன் வந்தா இன்னா பண்றது?”

நாகம்மா மூட்டையை இறக்காமலே கழுத்தைச் சாய்த்து வானத்தை ஒரு முறை பார்த்தாள். அங்கே ஒரு பருந்துகூட இல்லை.

“வந்தா ஓரமா எறங்க சொல்லு,” என்றாள்.

ரசாக் கேட்டைத் திறந்தார். திறந்தாரே தவிர, அவர் பதவி அவரை விடவில்லை. வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஐந்தடி, அந்தப் பக்கம் ஐந்தடி நெல் படக்கூடாது என்றார். வானத்தில் போகிற யாருக்காவது ஆபத்து வந்து அவசரமாக இறங்க நேர்ந்தால்? ஊர் முதல் வருஷம் சிரித்தது. இரண்டாம் வருஷம் கேலி செய்தது. மூன்றாம் வருஷத்திலிருந்து, ஏன் என்றே மறந்துபோய்க் கோட்டை விட்டுவிட்டுக் காயப்போட ஆரம்பித்தது. அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வருகிற பெண்களுக்கு, எந்தச் சாமிக்கு எப்போது பொங்கல் என்பதைச் சொல்லித் தருகிற கையோடு ‘கோட்டு மேல கொட்டாத’ என்பதையும் சொல்லித் தந்தார்கள்.

அப்படியாக இருபத்தைந்து வருஷம் அந்த ஓடுதளம் வெள்ளானூருக்கும் அக்கம்பக்கத்துக்கும் களமாக இருந்தது. எண்ணூறு மீட்டர் தார். காலையில் கொட்டினால் மூன்று வெயிலில் நெல் கலகலவென்று ஆகிவிடும். யார் எங்கே கொட்டுவது என்பதை ரசாக் விசிலை வைத்துத் தீர்மானித்தார். கம்பத்தில் தொங்கிய துணிப்பைக்கு ஊர் வைத்த பெயர் ‘பாயோட சொக்கா கை’. சொக்கா கை எந்தப் பக்கம் உப்புகிறதோ அதைப் பார்த்துத்தான் பெண்கள் முறத்தைத் தூக்கித் தூற்றினார்கள். பதர் ஒரு பக்கமும் நெல் ஒரு பக்கமும் சுத்தமாகப் பிரிந்தது. விமானத்துக்குப் பயன்பட்டதைவிட அது நெல்லுக்குப் பயன்பட்டது.

இப்படி நிம்மதியாக விவசாயத்துக்கு உதவிக்கொண்டிருந்த இடத்தை விவசாயத்துக்குத் திருப்பித் தருவது என்று முதலாளியின் மகன் ராகவன் முடிவு செய்தார்.

ராகவன் பதினேழு வருஷம் சிங்கப்பூரில் இருந்தவர். மாடிக் கட்டடங்களிலேயே வாழ்ந்ததால் மண்மீது அவருக்கு அளவுகடந்த பாசம். எட்டு ஏக்கரையும் பதினெட்டுப் பதினெட்டு சென்ட்டாகப் பிரித்து, நடுவில் பாதை விட்டு, நாற்பது துண்டாக்கி, அடுக்குமாடியில் குடியிருக்கும் ஐ.டி. குடும்பங்களுக்கு ‘ஞாயிற்றுக்கிழமை விவசாய நிலம்’ என்று விற்பது திட்டம். ‘ரன்வே கிரீன்ஸ்’ என்று போர்டு வைத்தார். அதன் கீழே ‘மண்ணுக்குத் திரும்புவோம்’ என்று எழுதியிருந்தது. ஒரே ஒரு சிக்கல்தான். அரசாங்கக் கணக்கில் அந்த இடம் இன்னமும் ஓடுதளம். அது மறுபடி விவசாய நிலமாகிவிட்டது என்று அதிகாரி வந்து பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் துண்டுகளை வாங்கியவர்கள் பெயரில் பதிய முடியும்.

மூன்று ஜேசிபி மூன்று வாரம் தாரைப் பெயர்த்தன. தாருக்குக் கீழே மூன்றடி ஜல்லி. ஜல்லியை அள்ளிய பள்ளத்தை நிரப்ப மண் வேண்டுமே? பக்கத்துக் கிராமத்தில் ஒரு வயலைத் தோண்டி லாரி லாரியாகக் கொண்டுவந்தார்கள். நல்ல வயல் ஒன்று குட்டையாயிற்று. நல்ல களம் ஒன்று சுமாரான வயலாயிற்று. இதற்குப் பெயர் நிலத்தை மீட்பது.

கொட்டகைப் பக்கம் மட்டும் நூறடி நீளத்துக்குத் தாரை விட்டுவைத்தார்கள், அதுவும் இரண்டு ஓரங்களையும் வெட்டி முப்பதடி அகலத்துக்கு. வெள்ளைக் கோடும் சொக்கா கையும் பின்னால் தெரிய நின்று படம் எடுத்துக்கொள்ள அது வசதி. ‘ஹெரிடேஜ் ரன்வே’ என்று அதற்கு ஒரு தனி போர்டு.

ரசாக்கை ராகவன் வேலையை விட்டு அனுப்பவில்லை. பதவி உயர்வு கொடுத்தார். ‘ஃபார்ம் மேனேஜர்’. ஒரு வைக்கோல் தொப்பி, தோளுக்கு ஒரு பச்சைத் துண்டு, ‘என்னைக் கேளுங்கள், நான் விவசாயி’ என்று நெஞ்சில் எழுதிய பனியன். ரசாக் பூந்தமல்லியில் பிரியாணி தேக்சாவுக்கு ஈயம் பூசுகிறவரின் மகன். தாவரங்களில் அவருக்குத் தயக்கமில்லாமல் அடையாளம் தெரிந்தவை இரண்டு, கொத்தமல்லியும் புதினாவும்.

“சின்ன மொதலாளி, எனுக்கு வெவசாயம் தெர்யாதே,” என்றார்.

“வர்றவங்களுக்கும் தெரியாது ரசாக். நீங்க தொப்பியக் கழட்டாம இருந்தாப் போதும்.”

வாரத்தில் ஆறு நாள் வேலை செய்ய நாகம்மாவையே ராகவன் கூலிக்கு வைத்தார். கொத்துவது, விதைப்பது, களை பறிப்பது, தண்ணீர் பாய்ச்சுவது எல்லாம் அவள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவள் கண்ணில் படக்கூடாது என்பது உத்தரவு. அன்றைக்கு நிலத்தின் சொந்தக்காரர்கள் விவசாயம் செய்ய வருவார்கள். காட்டுப்பாக்கத்திலிருந்து கிஷோரும் அவன் மனைவி நிஷாவும் ஏழு மணிக்கே வந்து, முழங்கால்வரை வரும் ரப்பர் கம்பூட் மாட்டிக்கொண்டு, நாகம்மா சனிக்கிழமை ஈரமாக்கிவைத்த மண்ணை மறுபடி ஈரமாக்குவார்கள். பத்து மணிக்கு முதுகைப் பிடித்துக்கொண்டு, விவசாயி படும் பாட்டை இந்தத் தேசம் புரிந்துகொள்ளவில்லை என்று வருத்தப்படுவார்கள்.

முதல் ஆறு வாரத்தில் ஒரு செடியும் காய்க்கவில்லை. ஆறு வாரத்தில் அது காய்க்காது. ஆனால் நாற்பது குடும்பமும் கூடையோடு வந்து கூடையோடு திரும்பினால் ராகவனுக்கு என்ன ஆவது? சனிக்கிழமை ஆவடி மார்க்கெட்டில் இரண்டு மூட்டைக் கத்திரிக்காய் வாங்கி வரச் சொன்னார். நாகம்மாவும் ரசாக்கும் உட்கார்ந்து நூல்கண்டை வைத்துக்கொண்டு செடிக்கு மூன்றாகக் கட்டித் தொங்கவிட்டார்கள்.

“பாய், இத்தினி வயசுக்கு இந்த வேல நமக்குத் தேவயா?”

“சொம்மா கட்டு நாகம்மா. எனுக்கே வெக்கமாத்தான் கீது.”

மறுநாள் நிஷா காயைப் பறித்தவள் நூலைப் பார்த்துவிட்டாள். “பாய், இது என்ன நூல்?”

ரசாக் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். “காயி கனம் தாங்காம கீய வுந்துடுமா... அதுக்கோசரம் கட்றதும்மா,” என்றார்.

கிஷோர் அதை வீடியோ எடுத்தான். ‘நம் முன்னோர்களின் மறக்கப்பட்ட தொழில்நுட்பம்’ என்று தலைப்பு வைத்து நாற்பது குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். அடுத்த ஞாயிறு நாற்பது குடும்பமும் சொந்தமாக நூல்கண்டோடு வந்தன. பூ விடாத செடிக்குக்கூட முன்னெச்சரிக்கையாக நூல் கட்டினார்கள். தக்காளிக்குக் கட்டினார்கள். வெண்டைக்குக் கட்டினார்கள். ஒரு குடும்பம் கீரைக்கே கட்டியது.

இதற்கிடையில் ஊருக்குக் களம் போயிற்று. வெள்ளானூர்க்காரர்கள் வெளிவட்டச் சாலையின் சர்வீஸ் ரோட்டில் நெல்லைக் கொட்டினார்கள். வேறு போக்கில்லை. ஒரு ஞாயிறு காலையில் கிஷோரின் கார் அந்த வழியாக விவசாயம் செய்யப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் நெல். பத்து நிமிஷம் ஹாரன் அடித்தான். நாகம்மா நெல் துழாவும் பலகையை வைத்து வழி ஒதுக்கிக் கொடுத்தாள். ‘ரோட்டுல நெல்லக் கொட்டுறாங்க, கொஞ்சம்கூட சிவிக் சென்ஸ் இல்ல’ என்று அவன் அங்கேயே குழுவில் எழுதினான். தன் துண்டில் வாரம் முழுக்கக் கொத்துகிறவள் அவள்தான் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? ஞாயிற்றுக்கிழமையில் அவள் கண்ணில் படக்கூடாது அல்லவா. புகார் எங்கெங்கோ போய், சர்வீஸ் ரோட்டிலும் நெல் காயப்போடக் கூடாது என்று தடுப்பு வைத்தார்கள்.

இந்த நிலைமையில் சொர்ணவாரிப் போகத்தின் அறுவடை வந்தது. செப்டம்பர் மாதம், பகலில் புழுக்கம், சாயங்காலம் மழை. நாகம்மாவின் ஓர் ஏக்கரை மெஷின் அறுத்து முப்பது மூட்டை நெல்லைக் கொடுத்தது. முப்பதும் ஈரம். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்கு மேல் இருந்தால் தொடமாட்டார்கள். அவள் கொண்டுபோய்க் காட்டிய நெல் இருபத்திரண்டு காட்டியது. காயவைத்து எடுத்துவரச் சொன்னார்கள். திங்கட்கிழமையோடு அந்தப் போகத்துக்கு நிலையத்தை மூடுகிறார்கள் என்றும் சொன்னார்கள். ஈர நெல்லை மூட்டையில் வைத்தால் மூன்றாம் நாள் சூடேறும், ஐந்தாம் நாள் முளை விடும். முளைத்த நெல்லைக் கோழிகூட யோசித்துத்தான் தின்னும். நான்கு மாத உழைப்பு முழுவதும் அந்த முப்பது மூட்டையில் இருந்தது.

வியாழக்கிழமை காலை நாகம்மா ஒரு டிராக்டரில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றாள்.

“பாய், கேட்டத் தொற.”

ரசாக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ராகவன் கேட்டுக்கொண்டபடி வருகிற ஞாயிறு காலைதான் அதிகாரி வந்து பார்க்கப்போகிறார். நூறடித் தாரைக் கழுவிவைக்க வேண்டும், அதன்மேல் ஒரு சருகுகூட இருக்கக்கூடாது என்று ராகவன் முந்தின நாள்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பக்கத்துப் புல்தரையில் பந்தல்கூடப் போட்டாயிற்று.

கொட்டகை வாசலிலிருந்து அவர் மனைவி ஜுபைதா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏங்க, தொறந்தா வேல போயிடும். இந்த ஊடும் போயிடும். நல்லா ரோசன பண்ணிக்கங்க,” என்றாள். திறக்காதே என்று சொல்லவில்லை.

ரசாக் யோசனை செய்ததாகத் தெரியவில்லை. ஒரு வருஷமாகத் தொப்பி போட்டுக்கொண்டு கத்திரிக்காய்க்கு நூல் கட்டிய கை அது. அந்தக் கைக்குச் செய்ய ஒரு உருப்படியான வேலை கிடைத்தது. தாழ்ப்பாளை இழுத்தார்.

நெல்லைக் கொட்டிப் பரப்பினார்கள். பரப்பும்போதே ரசாக்கின் வாயிலிருந்து பழைய வார்த்தை தானாக வந்தது.

“கோட்ட உட்டுடு நாகம்மா.”

நாகம்மா அவரைப் பார்த்தாள். முப்பதடி அகலத்தில் பத்தடி கோட்டுக்குப் போனால் மீதி இருபதடி. இருபது மூட்டைதான் பிடித்தது. பத்து மூட்டை வாய் கட்டியபடி ஓரத்தில் நின்றது. கிட்டே போனால் புளித்த வாடை. இந்தக் கோடு போய்ச் சேரும் இடத்தில் இப்போது கிஷோரின் கத்திரிச் செடி இருக்கிறது என்பதை அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெள்ளானூரில் அந்தக் கோட்டைப் பற்றி யாரும் பாயிடம் பேசுவதில்லை.

வியாழன் மூட்டமாகவே போயிற்று. வெள்ளி முழுக்க மழை. தார்ப்பாய் போட்டு நாலு மூலைக்கும் கல் வைத்துக் காவல் இருந்தார்கள். சனிக்கிழமை அரை வெயில். ஞாயிறுதான் மழை வெறித்து, காலை ஏழு மணிக்கே தார் சுடுகிற வெயில் அடித்தது. ராகவன் எட்டு மணிக்கு வந்து இறங்கினார். நெல்லைப் பார்த்தார்.

“என்ன ரசாக் இது? நான் என்ன சொன்னேன், நீங்க என்ன பண்ணி வச்சிருக்கீங்க?”

“நெல்லு, சின்ன மொதலாளி. முப்பது மூட்ட.”

“நெல்லுன்னு எனக்குத் தெரியாதா? அள்ளச் சொல்லுங்க. இது விவசாய நிலம், இங்க வந்து நெல்லக் கொட்டி வச்சா ஆபீசர் என்ன நினைப்பாங்க?”

தான் சொன்னது அவருக்கே ஒரு மாதிரியாகப் பட்டிருக்க வேண்டும். மறுபடி சொல்வதற்குள் ஜீப் உள்ளே வந்துவிட்டது.

வருவாய்த் துறை அதிகாரியின் பெயர் சாவித்திரி. ஐம்பது வயது இருக்கும். கம்பூட் போட்டு வரிசையாக நின்ற நாற்பது குடும்பமும் கைதட்டியது. அந்தம்மா அதைக் கவனிக்கவில்லை. நேராகத் தார்த்தளத்துக்கு வந்தார். ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நெல்லுக்குள் காலை வைத்தார். குனிந்து ஒரு மணியை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தார்.

“இன்னும் ஒரு வெயில் வேணும்,” என்றார். முகமே மலர்ந்திருந்தது. “ஓடுதளத்த உடைச்சு நெல்லு விளைய வச்சிருக்கீங்கன்னா பெரிய விஷயம்தான். எத்தனை மூட்டை?”

ராகவன் சட்டென்று பேச்சை மாற்றிக்கொண்டார். “முப்பது மேடம். எங்க முதல் அறுவடை. இன்னைக்கே பேனர் கட்டி லாரில ஏத்திடலாம்னு இருக்கோம்.”

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. தாங்கள் நெல் விளைவித்தது நாற்பது குடும்பத்துக்கும் அப்போதுதான் தெரிந்தது. கிஷோர் பாய்ந்து வந்து, கம்பூட்டோடு நெல்லின் நடுவே ஏறி நின்று, இரண்டு கையிலும் அள்ளி நெஞ்சோடு பிடித்துக்கொண்டான். நிஷா படம் எடுத்தாள். கேட்டோரம், கண்ணில் படாத தூரத்தில், துழாவும் பலகையைப் பிடித்தபடி நாகம்மா நின்றாள். மிதிபடுகிற நெல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாவித்திரி துண்டுகளுக்கு நடுவே ஒரு நடை போய்வந்தார். கத்திரிச் செடிகளின் முன்னால் நின்றார். ஒரு நூலை விரலால் நிமிண்டிப் பார்த்தார். கீரைத் தண்டில் கட்டியிருந்த நூலையும் பார்த்தார். திரும்பி வந்து பந்தலில் உட்கார்ந்து காகிதத்தை எடுத்தார்.

“மேனேஜர் நீங்கதானே? இந்த முப்பது மூட்டை நெல்லும் இந்த இடத்துல விளைஞ்சதுதான்னு இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க.”

ராகவனே பேனாவைத் திறந்து ரசாக்கின் கையில் கொடுத்தார். “போடுங்க ரசாக்,” என்றார். குரல் இதமாக இருந்தது. கண் இதமாக இல்லை.

ரசாக் பேனாவைப் பார்த்தார். வாழ்நாளில் அவர் வேலைக்காகப் போட்ட கையெழுத்து மொத்தமே பதினொன்று. பதினொன்றும் வந்து இறங்கிய விமானத்துக்குப் போட்டது. இப்போது போட்டால் கொட்டகை இருக்கும், சம்பளம் இருக்கும், சாகிறவரை தொப்பி இருக்கும். முப்பது மூட்டை மட்டும் பேனர் கட்டிய லாரியில் ஏறிப் போய்விடும். கேட்டோரம் நின்ற நாகம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால்கூட அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“இங்க வெளையல மேடம். அது தோ அந்தம்மா நெல்லு, அவுங்க வயல்ல வெளஞ்சது. இங்க காயத்தான் காயுது. இருவத்தாறு வருசமா இங்கதான் காயுது.”

“வேற என்ன விளையுது இங்க?”

“எனுக்குத் தெரிஞ்சி ஒன்னியும் வெளையல மேடம். கத்திரிக்கா ஆவடிலேந்து வருது.”

சாவித்திரி நிதானமாக இரண்டு வரி எழுதினார். எழுதியதைச் சத்தமாகப் படித்தும் காட்டினார். கொட்டகையை ஒட்டிய நூறடித் தார்த்தளம்: களம், விவசாயப் பயன்பாட்டில் உள்ளது. மற்ற இடம் முழுவதும்: பூங்கா.

“பூங்காவா? மேடம், எட்டு ஏக்கர்...” என்று ராகவன் எழுந்தார்.

“அந்த நூறடிய மட்டும் உடைச்சிடாதீங்க சார். உங்ககிட்ட இருக்கிற ஒரே விவசாய நிலம் அதுதான்.” செருப்பைப் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

“அப்ப இது நம்ம நெல்லு இல்லையா?” என்று நிஷா கேட்டாள். கிஷோர் படத்தை அழிக்கவில்லை. ‘எங்கள் அறுவடை’ என்று போட்டிருந்ததை ‘விவசாயியோடு ஒரு காலை’ என்று மாற்றினான். விவசாயி படத்தில் இல்லை என்பது அவனுக்கு உறைக்கவில்லை. பிறகு எல்லோரும் பந்தலுக்குள் பொங்கல் சாப்பிடப் போனார்கள். வாழையிலை போட்டிருந்தது.

ராகவன் ரசாக்கின் கிட்டே வந்தார். கத்தவில்லை. “சாயங்காலத்துக்குள்ள ஷெட்டக் காலி பண்ணிடுங்க,” என்றார். போய்க் காரில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

ஜுபைதா ஏற்கெனவே பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்திருந்தாள். ரசாக் கொட்டகைக்குள் போனார். பதினோரு கையெழுத்துப் போட்ட நோட்டை எடுத்துத் துணி மூட்டைக்குள் வைத்தார். ‘நான் விவசாயி’ பனியனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தன் பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டார். சட்டைப் பையில் விசில் இருந்தது. வெளியே வந்தபோது மணி பத்தரை. வானத்தில் மேகமில்லை. இருபது மூட்டை நெல் வெயிலில் பழுத்துக்கொண்டிருந்தது. பத்து மூட்டை ஓரத்தில் இன்னமும் வாய் கட்டியபடி நின்றது. நாளை திங்கட்கிழமை.

நாகம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, கிஷோர் மிதித்துக் கலைத்த இடத்தைப் பலகையால் சரிசெய்துகொண்டிருந்தாள். அப்போதும் கோட்டை விட்டு ஐந்தடி தள்ளித்தான் சரிசெய்தாள்.

“எனுக்காக ஏன் பாய் இப்டிப் பண்ணிட்ட?” என்றாள். “இனிமே எங்க போவ?”

“பூந்தமல்லில பொண்ணு கீறா. அத்த அப்பால பார்த்துக்கலாம். சாயங்காலம் வரிக்கும் நான்தான் டூட்டி.” விசிலை ஒரு முறை ஊதினார். பந்தலில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். ரசாக் ஓரத்திலிருந்த மூட்டை ஒன்றைத் தரதரவென்று இழுத்துவந்து தளத்தின் நடுவில் நிறுத்தினார். “கோட்டு மேல கொட்டு நாகம்மா.”

நாகம்மா அசையவில்லை. இருபத்தாறு வருஷத்தில் அந்த வாயிலிருந்து அவள் கேட்காத வார்த்தை. வெள்ளைக் கோட்டைப் பார்த்தாள், பாயைப் பார்த்தாள்.

“ப்ளேன் வந்தா?” என்றாள்.

ரசாக் கழுத்தைச் சாய்த்து வானத்தை ஒரு முறை பார்த்தார்.

“வந்தா ஓரமா எறங்க சொல்லு.”

நாகம்மா பலகையைக் கீழே போட்டாள். குனிந்து மூட்டையின் கட்டை அவிழ்த்தாள். இரண்டு பேருமாக ஆளுக்கு ஒரு மூலையைப் பிடித்துச் சாய்த்தார்கள். நெல் கோட்டின்மேல் விழுந்து இரண்டு பக்கமும் பரவிற்று. பத்தாவது மூட்டையைக் கொட்டி முடித்தபோது வெள்ளைக் கோடு எங்கே இருந்தது என்றே தெரியவில்லை.